வாஷிங்டன் நகரின் கோ-கோ இசை

அமெரிக்க ஐக்கிய நாடுகளின் தலைநகராகிய வாஷிங்டன் என்றதும் உலகத்தார் நினைவில் எழுவன வெள்ளை மாளிகையும், சட்டமன்றத்தின் குவிமாடமும், பளிங்கினாலாகிய நினைவுச் சின்னங்களுமேயாம். ஆட்சி மாறுந்தோறும் ஒரு கூட்டம் வருவதும் ஒரு கூட்டம் போவதுமாய் இருக்கும் அந்நகரிலே தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவரும் குடிமக்களும் உளர் என்பதையும், அவர்களுக்கென ஓர் இசையும் ஒரு பேச்சு வழக்கும் உண்டு என்பதையும் புறத்தார் அறிவது அரிது. அவ்விசைக்குக் கோ-கோ என்பது பெயர். 1970களின் நடுப்பகுதியில் அந்நகரத்துக் கறுப்பின மக்களிடையே தோன்றி, அரை நூற்றாண்டாக அவர்தம் இன்ப துன்பங்களோடு அது கலந்து நிற்கின்றது. 2020ஆம் ஆண்டு பெப்ரவரி 19ஆந் திகதி, வாஷிங்டன் நகர முதல்வர் மியூரியல் பௌசர் அம்மையார், கோ-கோவே நகரின் அதிகாரபூர்வமான இசை என வகுக்கும் சட்டத்திற் கையொப்பமிட்டார். ஆடிக் களிப்பதற்கென்று பிறந்த ஓர் இசை சட்டத்தின் காவலை நாட வேண்டியதாயிற்றே, அஃது ஏன்? அதன் தாளம் பிறந்த வரலாற்றையும், அதன் மேடையிற் பேசப்பட்ட மொழியையும் ஆராய்ந்தால் இக்கேள்விக்கு விடை கிடைக்கும்.

முதலில் அந்நகரத்தின் நிலையை அறிதல் வேண்டும். தென் மாநிலங்களிலே பருத்தித் தோட்டங்களிலும் புகையிலைத் தோட்டங்களிலும் உழைத்த கறுப்பின மக்கள், இனவொதுக்கலின் கொடுமைக்கு ஆற்றாதும் வேலை தேடியும் வடக்கு நோக்கிப் பெயர்ந்தனர். அவ்வாறு பெயர்ந்தோருள் பெருந்தொகையினர் வாஷிங்டனில் தங்கினர். 1957ஆம் ஆண்டளவில் அமெரிக்காவின் பெருநகரங்களுள் கறுப்பின மக்களே பெரும்பான்மையினராய் அமைந்த முதல் நகரமாக அது மாறியது. 1970ஆம் ஆண்டின் குடிசன மதிப்பின்படி அங்கு நூற்றுக்கு 71 பேர் கறுப்பினத்தவர். எனினும், நகரத்தை ஆளும் உரிமை அவர்கள் கையில் இருக்கவில்லை. தமது நகர முதல்வரையும் நகர சபையையும் தாமே தெரிவு செய்யும் உரிமை 1973ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின்னரே அவர்களுக்குக் கிட்டியது. அதற்கு முன்னர், 1968 ஏப்ரில் 4ஆந் திகதி மார்ட்டின் லூதர் கிங் சுட்டுக் கொல்லப்பட்டபோது, மக்களின் துயரமுஞ் சினமுங் கலவரமாய் வெடித்தன. ஏழாந் தெரு, பதினான்காந் தெரு, எச் தெரு ஆகிய கடைவீதிகள் தீக்கிரையாயின. வசதி படைத்தோர் புறநகர்களுக்குச் சென்றுவிட, எரிந்த வீதிகளின் நடுவே எஞ்சியிருந்தோரின் பிள்ளைகள் தேவாலய மண்டபங்களிலும் பாடசாலை மண்டபங்களிலும் கூடி ஆடினர். அவ்வாறான நடனக் கூட்டங்களுக்கே கோ-கோ என்ற பெயர் முதலில் வழங்கியது. மிராக்கிள்ஸ் குழுவினர் 1965இல் வெளியிட்ட புகழ்பெற்ற பாடலொன்றின் தலைப்பிலும் அச்சொல் ஆடுமிடத்தையே குறித்தது. இடத்தின் பெயர் பின்னர் இசையின் பெயராயிற்று.

இவ்விசையின் தந்தை எனப் போற்றப்படுபவர் சக் பிரௌண். அவர் 1936 ஓகஸ்ட் 22இல் வட கரோலினாவிலுள்ள காஸ்டன் என்னும் ஊரிற் பிறந்து, சிறுவராயிருக்கும்போதே குடும்பத்தோடு வாஷிங்டனுக்கு வந்தவர். வறுமை மிகுதியினாலே தெருவிற் சப்பாத்துத் துடைத்துங் கூலி வேலை செய்தும் பிழைத்தார். இளமையில் ஒரு வழக்கிற் சிக்கி, வேர்ஜீனியாவிலுள்ள லோர்ட்டன் மறியற்சாலையிற் சில ஆண்டுகள் இருக்க நேர்ந்தது. அங்கேதான், சிகரெட் கட்டுகளைக் கொடுத்துச் சக கைதியொருவரிடம் ஒரு கிற்றாரைப் பெற்று வாசிக்கப் பழகினார். விடுதலையான பின்னர், மது விற்கும் இடங்களில் வாசிக்கலாகாது என்ற கட்டுப்பாடு அவருக்கு இருந்தமையால், வீட்டுக் கொல்லைகளில் நடைபெறும் விருந்துகளிலேயே பாடி வந்தார். 1960களின் நடுவில் லொஸ் லற்றினோஸ் என்னும் குழுவிற் சேர்ந்தார். இலத்தீன் அமெரிக்கச் சாயல் கொண்ட அக்குழுவிலே, கியூபா நாட்டிலிருந்து வந்த கொங்கா முதலிய கைம்முழவுகளின் ஆற்றலை அவர் கண்டார். அதன் பின்னரே சோல் சேர்ச்சர்ஸ் என்ற தமது சொந்தக் குழுவை அமைத்தார்.

1970களில் இசைக்குழுக்களுக்கு ஒரு நெருக்கடி தோன்றியது. டிஸ்கோ என்னும் நடனமுறை நாடெங்கும் பரவியபோது, மேடையில் மேளகாரரும் பாடகரும் இருந்த இடத்தைச் சுழலும் இசைத்தட்டுகள் பிடித்துக்கொண்டன. இசைத்தட்டுக்குக் கூலியில்லை, களைப்புமில்லை. ஒரு தட்டு முடியுமுன் மற்றொன்றைத் தொடக்கிவிடலாம் ஆதலின் ஆடுவோருக்கு இடைவேளையும் இல்லை. இசைக்குழுவோ ஒரு பாட்டை முடித்து அடுத்த பாட்டைத் தொடங்குமுன் ஓய்ந்து நிற்கும். அந்த ஓய்விலே ஆடுவோர் களத்தை விட்டு அகன்றுவிடுவர். இதனைக் கண்ட பிரௌண் ஓர் உபாயஞ் செய்தார். பாட்டு முடிந்தாலும் மேளம் முடியலாகாது என்று விதித்தார். பாடலுக்கும் பாடலுக்கும் இடையில் மேளகாரரும் கொங்காக்காரரும் தாளத்தை விடாது கொட்டிக்கொண்டிருக்க, அவர் ஒலிவாங்கியின் முன்னின்று சபையோரோடு உரையாடுவார். ஆட்டம் நிற்காது. இவ்வாறு இயந்திரத்தோடு போட்டியிடும் பொருட்டு ஓர் இடைவெளியை நிரப்பப் புகுந்த மேளமே நாளடைவிற் கச்சேரியின் உயிராயிற்று. பாடல்கள் அந்த ஓயாத தாளத்தின் மேல் வந்து செல்லும் விருந்தினராயின.

அத்தாளத்தின் அமைப்பு நுட்பமானது. நான்கு அடிகள் கொண்ட வட்டத்தில் இரண்டாம், நான்காம் அடிகளிலே சிறுபறை உறுதியாக விழும். கால்மிதியால் அடிக்கப்படும் பெரும்பறையோ எதிர்பார்க்கும் இடத்தில் விழாது, சற்று முந்தியும் பிந்தியும் விழுந்து, கேட்போரை உந்தித் தள்ளும். மேலே ஒலிக்கும் கைத்தாளத் தட்டு, ஒவ்வோர் அடியையும் சமமான இரு பாதியாகப் பிரிக்காமல், முற்பாதியை நீட்டிப் பிற்பாதியைக் குறுக்கும். தமிழிசை பயின்றோர் திஸ்ர நடையை மனத்திற் கொண்டால் இதன் இயல்பு ஓரளவு விளங்கும். ஜாஸ் இசைவாணர் இவ்வாறான ஊஞ்சல் நடையையே பெரிதும் கையாண்டனர். இதற்கு மேலாகக் கொங்காக்கள், டிம்பாலே என்னும் உலோகப் பறைகள், சுருதி மாற்றக்கூடிய ரோட்டோ-டொம் பறைகள், மாட்டுமணி ஆகிய யாவும் தத்தமக்குரிய இடைவெளிகளிற் பேசும். டிஸ்கோவின் ஓட்டம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 120 அடிகளாக இருந்தது. கோ-கோ அதனினுந் தாழ்ந்த கதியிற் செல்லும். ஆதலினாலேதான் நள்ளிரவு கடந்தும் மக்களால் களைப்பின்றி ஆட முடிந்தது.

இந்தத் தாளம் எங்கிருந்து வந்தது? குரோவர் வாஷிங்டன் என்னும் ஜாஸ் கலைஞர் 1975இல் வெளியிட்ட மிஸ்டர் மாஜிக் என்ற இசைத்தட்டின் நடையைத் தாம் எடுத்தாண்டதாகப் பிரௌண் கூறியுள்ளார். சிறு வயதிலே தேவாலயத்திற் கேட்ட மேளத்தை அது தமக்கு நினைவூட்டியதாகவும் அவர் சொன்னதுண்டு. ஆகவே தென்னாட்டுத் தேவாலய மேளம், கியூபாவின் கைம்முழவு, ஜாஸின் ஊஞ்சல் நடை ஆகிய மூன்றும் வாஷிங்டனிற் கூடின எனலாம். அந்நகரில் 1899இற் பிறந்த பெருங்கலைஞர் டியூக் எலிங்டனின் ஜாஸ் உருப்படியொன்றையும் பிரௌண் கோ-கோ நடையில் அமைத்து வாசித்தார். அவர் குழுவின் மேளகாரர் ரிக்கி வெல்மனின் திறமையைக் கேட்டு வியந்த மைல்ஸ் டேவிஸ், 1987இல் அவரைத் தம் குழுவிற் சேர்த்துக்கொண்டார். ஜாஸ் உலகின் முடிசூடா மன்னர் ஒருவர் நாடி வந்த மேளம் அது என்பதே அதன் தரத்துக்குச் சான்று.

இனி அதன் பேச்சுக்கு வருவோம். தாளம் ஓயாது செல்லும்போது ஒலிவாங்கியின் முன் நிற்பவர் பாடகர் மட்டுமல்லர், பேச்சாளருமாவார். அவரை முதற் பேச்சாளர் என்றே அங்கு வழங்குவர். அவர் ஒரு சொற்றொடரை விடுப்பார், சபை ஒரே குரலில் விடையிறுக்கும். பிரௌணின் கச்சேரிகளில் சபையோர் தங்களை முறுக்கேற்றிவிடும்படி, கடிகாரத்துக்குச் சாவி கொடுப்பதுபோல், அவரைப் பெயர் சொல்லிக் கேட்பது வழக்கம். இதனினும் முக்கியமானது பெயரழைப்பு. எந்தத் தெருவிலிருந்து யார் வந்திருக்கின்றனர், யாருக்குப் பிறந்தநாள், எந்தக் குடியிருப்பின் இளைஞர் முன்வரிசையில் நிற்கின்றனர் என்று பேச்சாளர் தாளம் பிசகாது ஒவ்வொருவராய் அழைப்பார். தம் குழுவின் பெயர் பேச்சாளர் கண்ணிற் படவேண்டுமென்று அதனைச் சட்டையில் எழுதி வருவோரும் உண்டு. செய்தித்தாளிலே குற்றச் செய்திகளில் மட்டும் பெயர் காணப்பட்ட தெருக்கள், இங்கே மதிப்போடு அழைக்கப்பட்டன. அழைக்கப்பட்டவன் அவ்விரவு தானும் ஒருவன் என்று உணர்ந்தான்.

இம்மேடையிலிருந்தும் அதைச் சூழ்ந்த தெருக்களிலிருந்தும் ஒரு சொல்வழக்குப் பிறந்து வளர்ந்தது. குழு சிறப்பாக வாசித்தால் அது ‘கிராங்க்’ செய்கிறது என்பர். பழைய மோட்டார் வண்டியின் இயந்திரத்தைக் கைப்பிடியாற் சுழற்றிக் கிளப்பும் செயலுக்கு உரிய சொல் அது. எல்லா மேளங்களும் ஒன்றோடொன்று முட்டாது தத்தம் இடத்தில் அமைந்து, தாளம் நிலைபெற்றுவிட்டால் குழு ‘பொக்கற்’றுக்குள் இருக்கிறது என்பர். சட்டைப்பையிற் கை அடங்குவதுபோல் அடங்கியது என்பது கருத்து. நண்பனை விளிக்க ‘மோ’ என்றும் ‘யங்’ என்றும் சொல்லுவர். நிலை தவறி நடப்பவனை ‘லஞ்சின்’ என்பர். நாகரிகம் அறியாதவனுக்கு ‘பாமா’ என்று பெயர். தென்னகத்து அலபாமா மாநிலத்தின் பெயரிலிருந்து அது சிதைந்து வந்ததென்பது பெருவழக்கான கொள்கை. அச்சொல்லிலே குடிபெயர்வின் வரலாறு முழுவதும் அடங்கியிருக்கின்றது. தென்னாட்டு வயல்களிலிருந்து வந்த பெற்றோரின் பிள்ளைகள், தங்களுக்குப் பின்னால் வந்தோரை நாட்டுப்புறத்தார் என எள்ளுவதற்கு ஆக்கிய சொல் அது. நகரவாசி ஆகிவிட்டோம் என்ற பெருமையும், ஆகிவிட்டோமா என்ற ஐயமும் அந்த ஒரு சொல்லில் ஒருங்கே ஒலிக்கின்றன.

பிரௌண் காட்டிய வழியிற் பல குழுக்கள் எழுந்தன. 1976இல் கத்தோலிக்கப் பாடசாலை மாணவர் சிலர் ரெயர் எசென்ஸ் என்னுங் குழுவைத் தொடங்கினர். ட்ரபிள் ஃபங்க் குழுவினர் 1982இல் வெளியிட்ட இசைத்தட்டுகள் நியூயோர்க் நகரத்து ஹிப்-ஹொப் கலைஞரையும் கவர்ந்தன. பாரி ஃபார்ம் என்னும் அரசாங்கக் குடியிருப்பிலே, வாத்தியம் வாங்க வகையற்ற சிறுவர் வாளிகளையுந் தகரப் பேணிகளையும் மேளமாக்கித் தட்டித் தெருவோரத்திற் காசு சேர்த்தனர். குப்பைமேடு என்னும் பொருள்பட ஜங்க்யார்ட் என்று தம் குழுவுக்குப் பெயரிட்ட அவர்கள், 1986இல் இசைத்தட்டு வெளியிடும் அளவுக்கு உயர்ந்தனர்.

இத்தனை வளம் இருந்தும் கோ-கோ நாடெங்கும் பரவவில்லை. பிரௌணின் ‘பஸ்டின் லூஸ்’ 1979இல் கறுப்பின இசைக்குரிய விற்பனை வரிசையில் நான்கு வாரம் முதலிடம் பெற்றது. எக்ஸ்பீரியன்ஸ் அன்லிமிற்றட் குழு, ஸ்பைக் லீயின் திரைப்படமொன்றிற்காக வாசித்த ‘டா பட்’ 1988இல் அவ்வாறே முதலிடம் பெற்றது. இவை தவிரப் பெரிய வெற்றிகள் அரியன. யமேக்காவின் ரெகே இசையை உலகறியச் செய்த கிறிஸ் பிளாக்வெல், கோ-கோவையும் அவ்வாறு பரப்ப எண்ணினார். அவர் முயற்சியில் 1986இல் வெளிவந்த திரைப்படம் வெற்றி பெறவில்லை. காரணம் விளங்காததன்று. மூன்று நான்கு நிமிடத் தட்டில் அடங்குவது பாட்டு மட்டுமே. கோ-கோவின் உயிரோ பாட்டுக்களின் இடைவெளியில் இருந்தது. ஒரு மணிநேரம் விடாது செல்லும் மேளத்தையும், இன்னாரின்னார் என்று அழைக்கும் பெயர்களையும் நீக்கிவிட்டால் எஞ்சுவது சிறிது. அப்பெயர்கள் வேற்றூராருக்குப் பொருள் தரமாட்டா. ஆகவே வாஷிங்டன் மக்கள் நிறுவனங்களை எதிர்பாராது, கச்சேரி மண்டபத்தின் ஒலிபெருக்கிக் கருவியிலிருந்தே நாடாவிற் பதிவுசெய்து, பிரதி எடுத்துக் கைக்குக் கை மாற்றிக்கொண்டனர். நேற்றிரவு அழைக்கப்பட்ட தன் பெயரை இன்று நாடாவிற் கேட்டு மகிழ்ந்தோர் பலர்.

1980களின் பிற்பகுதியில் நகரத்தை ஒரு பேரிடர் சூழ்ந்தது. கிராக் என்னும் போதைப்பொருளும் அதனோடு துப்பாக்கியும் தெருக்களிற் புகுந்தன. 1991ஆம் ஆண்டில் மட்டும் அந்நகரிற் கொலையுண்டோர் தொகை 470க்கு மேற்பட்டது. கச்சேரி மண்டபங்களின் உள்ளும் புறமுங் கைகலப்புகள் நேர்ந்தன. மண்டபங்கள் பல மூடப்பட்டன. பிற்காலத்திற் பொலிஸார் எங்கெங்கே கோ-கோ நடைபெறுகின்றது எனத் தனிப் பட்டியல் வைத்துக் கண்காணிக்கும் நிலையும் ஏற்பட்டது. கொலைக்குக் காரணம் இசை என்று குறை கூறியோர் ஒருபுறம் இருக்க, அவ்விசையே இறந்தோரின் நினைவிடமாகவும் மாறியது. மாண்ட நண்பனின் படம் பொறித்த சட்டையை அணிந்து இளைஞர் கச்சேரிக்கு வருவர். பேச்சாளர் உயிரோடிருப்போர் பெயர்களின் நடுவே அவன் பெயரையும் அழைப்பார். ரெயர் எசென்ஸ் குழுவைத் தோற்றுவித்தோருள் ஒருவரும் அதன் மேளகாரருமான குவென்டின் டேவிட்சன் 1994இற் கொலையுண்டார். அக்குழுவை வளர்ப்பதில் முன்னின்று உழைத்தவர் அவருடைய அன்னை ஆவர். இன்ப இசை என்று பிறந்தது துன்பத்தையுந் தாங்க நேர்ந்த காலம் அது.

தலைமுறை மாறத் தாளமும் மாறியது. 1990களில் பாக்யார்ட் முதலிய குழுக்கள் கனத்த நடையைக் கையாண்டன. 2000ஆம் ஆண்டை அடுத்த காலத்தில் டி.சி.பி. என்னும் குழு ‘பவுன்ஸ் பீற்’ என்ற புது நடையை எழுப்பியது. அதிலே டிம்பாலேயும் ரோட்டோ-டொம்மும் முன்னே வந்து முழங்க, பழைய ஊஞ்சல் நடை பின்தங்கியது. இது கோ-கோவே அன்று என முதியோர் சிலர் வெறுத்தனர். நடுத்தர வயதினருக்கென, மெல்லிய காதற் பாடல்களைத் தழுவிய மற்றொரு நடையும் வளர்ந்தது. நடைகள் வேறுபட்டாலும் இரண்டு விதிகளை ஒருவரும் மீறவில்லை: மேளம் நிற்கலாகாது, வந்தோர் பெயர் அழைக்கப்படாது போகலாகாது.

இதற்கிடையே நகரம் வேறொரு வகையில் மாறிக்கொண்டிருந்தது. கலவரத்தில் எரிந்த வீதிகளில் உயர்ந்த மாடிக் குடியிருப்புகள் எழுந்தன. நிலத்தின் விலையும் வாடகையும் ஏறின. 1970இல் நூற்றுக்கு 71 ஆக இருந்த கறுப்பினத்தவர் விகிதம் 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் 41 ஆகக் குறைந்தது. இந்த மாற்றத்தை ஏழாந் தெருவின் வரலாறு ஒன்றே விளக்கப் போதுமானது. 1968இல் எரிந்த தெரு அது. 2009இல் அதன் ஒரு பகுதிக்குச் சக் பிரௌணின் பெயர் சூட்டப்பட்டது. 2012 மே 16இல் அவர் மறைந்தபோது, அதனருகிலுள்ள ஹவார்ட் அரங்கிலே அவருடலுக்கு ஆயிரக்கணக்கானோர் அஞ்சலி செலுத்தினர். அத்தெரு முனையிலிருந்த கைத்தொலைபேசிக் கடையொன்று 1995 முதல் வாயிலில் ஒலிபெருக்கி வைத்துக் கோ-கோ இசையை ஒலிக்கச் செய்து வந்தது. 2019 ஏப்ரிலில், அயலிற் புதிதாய் எழுந்த மாடிக் குடியிருப்பில் வாழ்ந்த ஒருவர் முறையிட்டதன் பேரில் அவ்வொலி நிறுத்தப்பட்டது.

இருபத்து நான்கு ஆண்டு ஒலித்தது ஒரு நாள் ஒலியாது போகவே, மக்கள் அதன் பொருளை உணர்ந்தனர். தங்கள் தெருவில் தாங்களே அந்நியராகிவிட்டோமோ என்ற அச்சம் எழுந்தது. நகரை வாய்மூடச் செய்யாதீர் என்னும் கோஷத்தோடு பல்லாயிரவர் மனுவிற் கையொப்பமிட்டனர். வாத்தியங்களோடு வீதியிற் கூடினர். சில நாட்களுள் கடையின் இசை மீண்டும் ஒலித்தது. பதினான்காந் தெருவும் யூ தெருவும் சந்திக்கும் இடத்தில் நடந்த திறந்தவெளிக் கச்சேரிகளுக்கு ‘மோசெல்லா’ என்று பெயரிட்டனர். கலிபோர்னியாவின் கோச்செல்லா விழாவின் பெயரோடு, நண்பனை விளிக்கும் ‘மோ’ என்ற தங்கள் சொல்லையும் கூட்டிச் செய்த பெயர் அது. தெருவிற் பிறந்த சொல் ஓர் இயக்கத்தின் கொடியாயிற்று. அதன் பயனாகவே மறு ஆண்டு முன்சொன்ன சட்டம் பிறந்தது. கோ-கோவைப் பேணவும் அதன் பதிவுகளைத் தொகுத்துக் காக்கவும் நகராட்சி திட்டம் வகுக்க வேண்டுமென்று அது விதிக்கின்றது.

அச்சட்டம் நன்றே. நாடாக்களையும் படங்களையும் மேளங்களையும் அது அழியாமற் காக்கக்கூடும். ஆயினும், கோ-கோவின் வரலாறு உணர்த்தும் உண்மை ஒன்றுண்டு. வாடகைக்குத் தகுந்த வீடும், கூடுவதற்கு ஒரு மண்டபமும், பிள்ளைகள் மேளம் பழகுவதற்கு ஒரு பாடசாலையும் இருந்தாலன்றிப் பேச்சாளர் அழைப்பதற்குப் பெயர்கள் இரா. பாடல்களைக் காத்தல் எளிது. அழைத்தாற் குரல் கொடுக்கும் மக்களை அவர்தம் தெருவிலேயே வாழவைத்தல் அரிது. அவ்வரிய செயலைச் செய்யும் அளவுக்கே அந்நகரம் தன் இசையைக் காத்ததாகக் கருதப்படும்.